தகரக்காவின் கடைசி அறிக்கை

நவம்பர் 3, திங்கள்

புதிய கணினி பொங்கலுக்கு முன் வராது. உறுதி செய்தவர் அறக்கட்டளைச் செயலாளர், இன்று காலை தொலைபேசியில். "இருக்கிறதை வைத்து ஓட்டுங்கள் தனிஸ்லாஸ்" என்றார்.

இருக்கிறது என்று அவர் சொன்ன பொருள், எங்கள் 'கரையோசை' சமூக வானொலியின் ஒரே கணினி. வயது பதினாறு. நினைவகம் ஒரு ஜிபி. அதற்கு மேல் போடப் பலகையில் இடம் இல்லை. நேற்று பாட்டு பாதியில் நின்று, திரை நீலமாகி, மாலை வானிலை அறிக்கையே போகவில்லை. முப்பது வருடம் நாளிதழில் நிருபராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் சொந்த ஊர் சிப்பித்துறைக்கு வந்து இந்த வானொலியின் செய்திப் பொறுப்பை ஏற்றேன். ஏற்ற அன்று ஒரு விதி போட்டேன்: ஒலிபரப்பில் மௌனம் இருக்கக் கூடாது. நேற்று மௌனம் இருந்தது.

அறிவிப்பாளர் பிளாரன்ஸ் சொன்னாள்: "மீனவர் சங்கத்துல நாலு பேரு கேட்டுட்டாவ அண்ணாச்சி. ரேடியோ வேலைநிறுத்தமான்னு."

டவுனில் கணினி பழுதுபார்க்கும் ஜஸ்டஸை வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ஜஸ்டஸ் காலையிலேயே வந்துவிட்டான். பெட்டியைத் திறந்து தூசி ஊதினான். பழைய கணினிகளுக்கென்றே செய்யப்பட்ட லினக்ஸ் ஒன்றை ஏற்றினான். மதியத்துக்குள் திரை வந்துவிட்டது. சாம்பல் நிறத் திரை, ஓரத்தில் நாலைந்து படங்கள், வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை. செத்த மாட்டை எழுப்பியதுபோல் இருந்தது.

நினைவகம் நிரம்பினால் மறுபடியும் நிற்குமா என்று கேட்டேன்.

"நிக்காது அண்ணாச்சி. அதுவே ஒரு புரோகிராமக் கொன்னுட்டு மத்ததக் காப்பாத்திக்கும்."

"எதைக் கொல்லும்?"

"எது ரொம்பத் தின்னுதோ அத."

பிளாரன்ஸ் தலை நிமிராமல் சொன்னாள்: "எங்க வீட்ல அப்படி ஒண்ணு இருந்தா இவுகதான் மொதல்ல போவாவ." இவுக என்றால் அவள் கணவன் ரெக்சன். 'அடைக்கல மாதா' வள்ளத்தின் ஓட்டி. ஜஸ்டஸ் சிரித்ததில் திருகாணி கீழே விழுந்து, தேட நேரமாயிற்று.

போகும்போது ஒன்று சொன்னான். பலகையில் பொட்டுபோல ஒரு சின்ன பேட்டரி உண்டு; அது செத்துவிட்டது. மின்சாரம் போனால் கணினி தேதியை மறந்துவிடும். "ஆனா பயமில்ல. நெட்டுல கேட்டுத் தானா சரி பண்ணிக்கும். அடுத்த வாட்டி வரும்போது பேட்டரி வாங்கிட்டு வாரேன்."

நவம்பர் 6, வியாழன்

இன்னும் இழுக்கிறது. பாட்டும் நேர்காணல் பதிவும் ஒன்றாக ஓடினால் குரல் விக்குகிறது. ஜஸ்டஸ் மைத்துனன் கல்யாணத்துக்குப் போய்விட்டான். வேண்டாத சேவைகளை எப்படி நிறுத்துவது என்று அன்றே எனக்குக் காட்டியிருந்தான். நானே உட்கார்ந்தேன்.

அச்சுப்பொறிக்கு ஒன்று, எங்களிடம் அச்சுப்பொறி இல்லை. நிறுத்தினேன். புளூடூத்துக்கு ஒன்று. நிறுத்தினேன். திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரம், பின்னணியில் நேரத்தைச் சரிபார்க்கும் ஒன்று, தானாகப் புதுப்பிப்பு தேடும் ஒன்று. சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது. மேசையில் நாள்காட்டி இருக்கிறது. நிறுத்தினேன்.

மாலையில் விக்கல் போய்விட்டது. பிளாரன்ஸ் வியந்து, "நீங்களே பண்ணீங்களா?" என்றாள். பாராட்டைச் சற்று அனுபவித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நவம்பர் 8, சனி

ஜஸ்டஸ் திரும்பி வந்து வானிலை அறிக்கைக்கு ஒரு பொத்தான் செய்து கொடுத்தான். திரையில் ஓர் அலைப் படம். அழுத்தினால் கணினி இணையத்தில் போய் அன்றைய கடல் அறிக்கையை எடுத்து, தன் குரலிலேயே வாசிக்கும். சில நாள் இணையம் வராதே என்றேன். "அப்ப கடைசியா எடுத்தத வாசிக்கும் அண்ணாச்சி. நீங்கதான மௌனம் கூடாதுன்னீங்க."

குரல் ஒரு பெண் குரல், தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல். பிளாரன்ஸ் உடனே 'தகரக்கா' என்று பெயர் வைத்துவிட்டாள்.

பேட்டரி கொண்டுவர மறந்துவிட்டான்.

நவம்பர் 10, திங்கள்

ஏலக்கூடத்தில் ஒரே கேலி. தகரக்கா தேதியை "ஒன்பது புள்ளி பதினொன்று" என்று வாசிக்கிறாள். மீன் விலை கேட்டால் பையன்கள் "முந்நூறு புள்ளி பதினொண்ணு" என்கிறார்களாம். நேற்று ஞாயிறு வேறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை, எல்லோரும் கரையில் இருந்து கேட்டிருக்கிறார்கள்.

ஜஸ்டஸிடம் சொல்லி, தேதி வரியை வாசிப்பிலிருந்து எடுத்துவிட்டோம். அறிக்கை இப்போது காற்றிலிருந்து தொடங்குகிறது.

நவம்பர் 12, புதன்

மாலை அறிக்கை: வடகிழக்குக் காற்று மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வரை. அலை ஒன்றரை மீட்டர். கவனமாக இருக்கவும்.

பழக்கத்தினால் எழுதிவைக்கிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

காலை அறிக்கை: வடகிழக்குக் காற்று மணிக்கு இருபது கிலோமீட்டர் வரை. அலை ஒரு மீட்டருக்குள். மீனவர்களுக்குத் தடை ஏதும் இல்லை.

மதியம் இடி. செல்போன் கோபுரத்தில் மின்னல் இறங்கிவிட்டது. ஊரில் எந்தப் போனிலும் சிக்னல் இல்லை. சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்று கோபுரக் காவலாளி சொல்கிறார். வேறு யாரிடமும் உறுதிப்படுத்த முடியவில்லை. மின்சாரமும் போனது, எங்கள் மாற்று பேட்டரி கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஊர்க் கேபிள் டிவியும் போய்விட்டது; கேபிள்காரர் நிலையத்துக்கு இழுத்த கம்பி தப்பியதால் எங்களுக்கு மட்டும் இணையம் உண்டு.

மாலையில் மின்சாரம் வந்ததும் கணினி ஒரு குறையும் இல்லாமல் எழுந்தது. சாம்பல் திரை, அலைப் படம், எல்லாம் இருந்த இடத்தில். பிளாரன்ஸ் பொத்தானை அழுத்தினாள். தகரக்கா பேசினாள். காற்று இருபது, அலை ஒரு மீட்டருக்குள்.

"இப்ப ஊருக்கே நாமதான் அண்ணாச்சி" என்றாள் பிளாரன்ஸ்.

நவம்பர் 14, வெள்ளி

காற்று இருபது. அலை ஒரு மீட்டருக்குள். தடை இல்லை. கோவில் முற்றத்து ஒலிபெருக்கியிலும் இப்போது எங்கள் அறிக்கையைத்தான் போடுகிறார்கள். மாதக் கணக்கில் இதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி வந்தது.

நவம்பர் 15, சனி

ரெக்சன் பிளாரன்ஸுக்குச் சாப்பாடு கொண்டுவந்தான். சாளைக் குழம்பு. எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தான்.

"தகரக்கா என்ன சொல்லுது?"

"நேத்துச் சொன்னதத்தான்."

"பதினாறு வருஷமா நீயும் சொன்னதத்தான் சொல்லுத. அது மட்டும் மாறுமாக்கும்."

பிளாரன்ஸ் கரண்டியை ஓங்கினாள். அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணாச்சி, நேத்து வெளிய நீவாடு சரியில்ல. வலைய ஒரு பக்கமா இழுத்துட்டுப் போவுது. காத்து இல்ல, மழ இல்ல. என்னன்னு புரியல."

நீவாடு என்பது நீரோட்டம். அறிக்கையில் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்கல்ல?"

"தினமும் எழுதிவைக்கிறேன்."

"அப்ப சரி. நீங்க சொன்னா சரிதான்."

மாலை: காற்று இருபது. அலை ஒரு மீட்டருக்குள். தடை இல்லை. பருவமழைக் காலத்தில் இத்தனை அமைதியான வாரம் அபூர்வம்.

நவம்பர் 16, ஞாயிறு

தங்குகடலுக்குப் போகிறவர்கள் திங்கள் விடியலில் கிளம்பி நாலைந்து நாள் கழித்துத் திரும்புவார்கள். போவதா வேண்டாமா என்பதை ஞாயிறு மாலை கோவில் முற்றத்தில் முடிவு செய்வது வழக்கம். அறிக்கையைக் கேட்பார்கள், கேட்டதும் ஐஸ் ஏற்றுவார்கள். ஐஸ் ஏற்றிய வள்ளத்தை யாரும் நிறுத்திவைப்பதில்லை.

இன்று முற்றத்தில் நானும் நின்றேன். ஒலிபெருக்கியில் தகரக்கா. காற்று இருபது, அலை ஒரு மீட்டருக்குள். சங்கத் தலைவர் சூசைராயன் வானத்தைப் பார்த்தார். கிழக்கே அடிவானம் மட்டும் செம்பு நிறமாக இருந்தது. கடலில் நுரையே இல்லை. நாய்கள் மணலில் படுக்காமல் படிக்கட்டில் படுத்திருந்தன.

"என்ன தனிஸ்லாஸ், ஒங்க அக்கா சொல்றத நம்பலாமா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அரசு அறிக்கைதான், அவள் வாசிக்கிறாள், அவ்வளவுதான் என்றேன்.

நாலு வள்ளங்களுக்கு ஐஸ் ஏறியது. அடைக்கல மாதாவில் ரெக்சனும் வேறு நாலு பேரும்.

நவம்பர் 17, திங்கள்

வள்ளங்கள் போயின. காற்றே இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஜஸ்டஸ் மறுபடி மறப்பான் என்று, அந்தச் சின்ன பேட்டரியை நானே வாங்கிவிடலாமென மதியப் பேருந்தில் டவுனுக்குப் போனேன். பாலத்தில் ஏறும்போது துறைமுகக் கம்பத்தைப் பார்த்தேன். புயல் கூண்டு ஏறியிருந்தது. என் கண் கோளாறோ என்று மறுபடி பார்த்தேன்.

கடைக்காரர் பேட்டரியைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி சிப்பித்துறையா? ஒங்க ஆளுகள்லாம் கரையேறிட்டாவள்லா?"

"ஏன்?"

"கூண்டு ஏத்தி ரெண்டு நாளாச்சே."

அவர் கடையிலேயே போன் செய்தேன். மீன்வளத் துறை அலுவலகத்தில் எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். தாழ்வு மண்டலம், ஞாயிறு காலையிலேயே எச்சரிக்கை போட்டாகிவிட்டது. "ஒங்க ஊர்ல போன் இல்லன்னு தெரியும் சார். ஆனா ஒங்க ரேடியோ ஓடுதே. அதனால சிப்பித்துறையப் பத்திக் கவலைப்படல." நாலு வள்ளங்களின் பெயரையும் சொன்னேன். ரோந்துக் கப்பலுக்குச் சொல்வதாகச் சொன்னார்.

ஜஸ்டஸின் கடை அடுத்த தெரு. அவனது பைக்கில் திரும்பினோம். ஊர் எல்லையில், கோவில் முற்றத்து ஒலிபெருக்கி காதில் விழுந்தது. மீனவர்களுக்குத் தடை ஏதும் இல்லை.

பிளாரன்ஸ் கணினி முன்னால் இருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு ஒலிப்பெட்டியைப் பார்த்தாள்.

"அப்ப இது என்னைக்கு உள்ளது?"

ஜஸ்டஸ் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு சொல் தட்டினான். தேதி வந்தது. 2009, ஜனவரி 6.

"மின்சாரம் போனப்போ மறந்திருக்கு" என்றான். "அதுக்கு இப்ப ரெண்டாயிரத்து ஒம்பது அண்ணாச்சி. அறிக்கை தர்ற தளம் தன் சான்றிதழக் காட்டும். அதுல போட்டிருக்க தேதி பதினாறு வருஷம் தள்ளி இருக்கு. இது எப்படி நம்பும்? போலின்னு நெனச்சுக் கதவ மூடிட்டு, கையில கடைசியா இருந்தத வாசிச்சிருக்கு."

கடைசியாக இருந்தது பதின்மூன்றாம் தேதி காலை அறிக்கை. இந்த நாட்குறிப்பில் அது ஐந்து முறை இருக்கிறது. ஒரே எண்கள். என் கையெழுத்து.

"ஆனா நெட்டுல நேரம் பாத்துச் சரி பண்ணிருக்கணுமே" என்று ஜஸ்டஸ் தனக்குள் சொல்லிக்கொண்டான். இன்னொரு வரி தட்டினான். "நின்னு கெடக்கு. நான் ஓடவிட்டுத்தான போனேன்? அப்டேட்ல போயிருக்குமோ."

இருக்கலாம் என்றேன்.

தேதியைச் சரிசெய்தான். பிளாரன்ஸே பொத்தானை அழுத்தினாள். அதே தகரக் குரல், அதே நிதானம். சூறைக்காற்று மணிக்கு எழுபது கிலோமீட்டர் வரை. கடல் மிகவும் கொந்தளிப்பாக இருக்கும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். கடலில் உள்ளவர்கள் உடனே கரை திரும்பவும்.

பிளாரன்ஸ் முடியும்வரை கேட்டாள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும். எங்கள் ஒலிபரப்பு கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போகும். வள்ளங்கள் அதற்கு வெகு தூரம் அப்பால். அது அவளுக்கும் தெரியும்.

முற்றத்தில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். சூசைராயன் வயர்லெஸ் கருவி இருக்கும் சங்க அறைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

நவம்பர் 19, புதன்

காற்று. தென்னை மட்டைகள் தெருவில். ஏலக்கூடத்தின் ஒரு பக்கத் தகரம் போய்விட்டது.

பிற்பகல் வரை மூன்று வள்ளங்கள் கரை சேர்ந்தன. அவற்றில் ஒன்று பக்கத்து ஊரில் மணலில் ஏறி உடைந்திருக்கிறது. ஆட்களுக்குக் காயம் மட்டும். அடைக்கல மாதா வரவில்லை.

கடைசியாக வந்த வள்ளத்தின் லியோனிடம் பேசினேன். குறிப்பேட்டை எடுக்கவில்லை. "ரெக்சன் எங்களுக்குத் தெக்க நின்னாம். சங்கத்துல இருந்து கூப்பிடுறது அரைகொறையா விழுந்துச்சு. நாங்க திரும்புறோம், நீயும் வான்னு சொன்னோம். வலைய இழுத்துட்டு வாரேன்னான். பெறவு கூப்பிட்டோம். வெறும் இரைச்சல்."

ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான்: "போவும்போது அவனுக்கு மனசு இல்ல அண்ணாச்சி. நீவாடு சரியில்லன்னுட்டே இருந்தாம். நான்தான், ரேடியோல சொல்லியாச்சு, அண்ணாச்சியும் பாத்தாச்சு, வாலேன்னு கூட்டிட்டுப் போனேன்."

அவன் தோளில் கை வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

காற்று தணிந்துவிட்டது. அலை இன்னும் இருக்கிறது.

பேட்டரியை மாற்றியாயிற்று. ஜஸ்டஸ் தேதி வரியைத் திருப்பிப் போட்டுவிட்டான். தகரக்கா "இருபது புள்ளி பதினொன்று" என்றாள். முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிளாரன்ஸ் வேலைக்கு வந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை என்றாள். மணிக்கொரு முறை பொத்தானை அழுத்துகிறாள். ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பிக் கேட்கிறாள்.

"அண்ணாச்சி, இது இன்னைக்கு உள்ளதுதானா?"

ஆமாம் என்கிறேன். திரும்பிக்கொள்கிறாள்.

மாலையில், ஜஸ்டஸ் பெட்டியை மூடும்போது, அவள் அவனிடம் கேட்டாள்: "நேரம் பாக்குறது தானா நிக்குமா தம்பி?"

"தானா நிக்கிற மாதிரி தெரியல அக்கா. அப்டேட்டுன்னு நெனச்சேன், ஆனா அப்டேட் தேடுறதும் நின்னுதான் கெடக்கு. யாரோ கட்டளை போட்டிருக்கணும். எல்லாத்தையும் தேதியோட மெஷினு எழுதி வச்சிருக்கும். நாளைக்கு வந்து எடுத்துப் பாத்துச் சொல்லுதேன்."

அவள் சரி என்றாள். அந்தத் தேதி இந்த நாட்குறிப்பிலும் இருக்கிறது, நவம்பர் 6. நான் நாள்காட்டியில் தாளைக் கிழித்தேன். ஏற்கனவே கிழித்திருந்தேன் போலும், நாளைய தேதி வந்துவிட்டது.

உறுதியானவை: மூன்று வள்ளங்கள், பதினான்கு பேர், கரையில். மூலம்: மீனவர் சங்கம்.

உறுதியாகாதவை: அடைக்கல மாதா, ஐந்து பேர். தேடும் விமானம், மேகம் விலகினால், நாளை விடியலில் மறுபடி பறக்கும். தகவல் எட்டு மணிக்குள் வரும் என்று ரோந்துக் கப்பலிலிருந்து சங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஜஸ்டஸ் பத்து மணிக்கு வருவான்.

பிளாரன்ஸ் ஆறு மணிக்கே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நிலையத்துச் சாவி என்னிடம் இருக்கிறது. பத்து மணி வரை நாங்கள் இருவர் மட்டும் இருப்போம்.